விடாது கருப்பு: மூன்றாவது பெயரைத் தேடி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் ‘விடாது கருப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். குதிரை, அரிவாள், இருட்டு என்று தொடங்கிவிடுவார்கள். யார் எடுத்தது என்று கேட்டால் யோசிக்காமல் ஒரே பதில் வரும். எண்ணூரில் லாரி கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தார். “இன்னா தம்பி, இதுகூடத் தெரியாதா? கே.பி. நாடகம்தான அது. செகண்ட் ஷிப்ட் மாத்திக்கினு வந்து பாத்தோம்.”

வட சென்னைத் தொழிலாளர் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்த கதையைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது இந்தப் பதில் மறுபடி மறுபடி வந்தது. அது பாதிதான் உண்மை. 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் முதல் இரண்டு கதைகளான ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ இரண்டையும் எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. தயாரித்தது மின்பிம்பங்கள். அந்த நிறுவனத்தை நடத்தியவர் கைலாசம், பெரியவர் சொன்ன ‘கே.பி.’யான இயக்குநர் கே. பாலசந்தரின் மகன். முதல் இரண்டு பெயர்களுக்கும் தடயம் உண்டு. மூன்றாவது பெயர் அப்பாவின் பெயருக்குள் போய் மறைந்துகொண்டது. நான் தேடியது அந்த மூன்றாவது பெயரை.

முதலில் காகிதம். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். 1956இல் திருத்தம் செய்து நாளிதழ்களையும் சேர்த்தார்கள். ஆகவே இந்திரா சௌந்தர்ராஜனைத் தேடுவது சிரமமே இல்லை. சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். தாயார் இந்திராவின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டவர். 2024 நவம்பர் 10 அன்று காலமானார். திரையில் ‘விடாது கருப்பு’ ஆனது அச்சில் ‘விட்டு விடு கருப்பா’. கன்னிமாராவில் கிடைக்காத பதிப்பு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டின் மிச்சம் அந்தக் கடைகள். அங்கே பெயர் தெரிந்து கேட்பவர்களைவிட “கருப்பு நாடகம் வந்திச்சே, அந்த புக்கு இருக்கா?” என்று கேட்பவர்களே அதிகம் என்றார் ஒரு கடைக்காரர்.

ஆனால் அச்சான கதைக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு ஒளிபரப்பான தொடருக்கு இல்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒரு பிரதியை ஏதாவது நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நாளிதழ்களின் ‘இன்றைய தொலைக்காட்சி’ பத்தியைப் புரட்டினேன். நேரம் இருக்கிறது, தொடரின் பெயர் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. அரசுத் தொலைக்காட்சியின் நிலைமை இன்னும் மோசம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம் என்று ஊரே உட்கார்ந்து பார்த்தது. ஒளிநாடா விலை உயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. நாட்டின் பல நிலையங்களிலும் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு, அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். எத்தனையோ நாடக ஆசிரியர்களின் வாழ்நாள் உழைப்பு அப்படித்தான் போனது.

காகிதத்தில் கிடைக்காததை கேபிள்காரர்களிடம் தேடலாம் என்று தோன்றியதற்கு ஒரு சட்டமே காரணம். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒவ்வொரு கேபிள் இயக்குநரும் மாதந்தோறும் என்னென்ன நிகழ்ச்சி கொடுத்தார் என்று பதிவேடு எழுதி, ஒளிபரப்புக்குப் பின் ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஓராண்டுதான். ஆனாலும் தூக்கிப்போட மனம் வராதவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டே என்ற நப்பாசை. திருவொற்றியூரில் 1991 வளைகுடாப் போர்க் காலத்தில் மொட்டைமாடியில் டிஷ் வைத்துத் தொழிலுக்கு வந்த ஒருவர் பழைய நோட்டுகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். ஆசையாகத் திறந்தேன். தெருப் பெயர், வீட்டு எண், மாதம், கட்டியாச்சு, பாக்கி. நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை.

ஆனால் அவர் வாயிலிருந்துதான் துப்புக் கிடைத்தது. “கருப்பு ஓடுற நேரத்துல லைன் போச்சுன்னா வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க சார். ஆனா சேனல்காரங்க எடுத்த நாடகம் இல்ல அது. கம்பெனிக்காரங்க ஸ்லாட் வாங்கிப் போடுவாங்க, வெளம்பரத்த அவங்களே பிடிச்சுக்குவாங்க.”

இந்த ‘ஸ்லாட்’ ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுத முடியாது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. எல்லா நிகழ்ச்சிகளையும் தானே எடுத்துத் தள்ள எந்தப் புதுச் சேனலாலும் முடியாது. அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டணம். அதைக் கட்டும் தயாரிப்பாளருக்கு அந்த அரை மணிக்குள் சில நிமிட விளம்பர நேரம் கிடைக்கும். அதைச் சோப்புக் கம்பெனிக்கோ புடவைக் கடைக்கோ விற்று, கட்டிய பணத்தையும் படப்பிடிப்புச் செலவையும் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் பாடு. மக்கள் பார்க்கவில்லை என்றால் நஷ்டம் சேனலுக்கு இல்லை, தயாரிப்பாளருக்கு. கடலுக்குப் போகிற படகின் டீசல் செலவு யார் தலையில் என்று காசிமேட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். இதுவும் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மூன்றாவது பெயரின் எடை தெரியும். மாமியார், மருமகள், கண்ணீர் என்று எடுத்திருந்தால் செலவு குறைவு. ஒரு வீட்டுக்குள் நான்கு சுவர் போதும். கைலாசம் பணம் போட்டது நவபாஷாண லிங்கத்துக்கும், சித்தர் மலைக்கும், ஒரு கிராமத்துக் காவல் தெய்வத்துக்கும். வெளிப்புறப் படப்பிடிப்பு, இரவுக் காட்சி, குதிரை. வாரம் ஒரு முறை மட்டும் வரும் தொடர் என்பதால் எடுக்க நேரம் கிடைத்தது, அதனால் செலவும் கூடியது. எழுத்தாளர் கதை கொடுத்தார், இயக்குநர் அதைப் பயமுறுத்தும் படமாக்கினார். ஆனால் ‘இதை ஊர் பார்க்கும்’ என்று முடிவு செய்து பையில் கையை விட்டவர் ஒருவர் வேண்டுமே. அந்த முடிவும் படைப்பில் ஒரு பங்குதான் என்பது என் கட்சி.

ஏன் அப்படி முடிவு செய்தார்? இதற்கு விடை தொலைக்காட்சிக்கு வெளியே கிடைத்தது. கைலாசம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படித்துவிட்டு வந்தவர். 1990களின் தொடக்கத்தில் ‘வாஸ்து மரபு’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தமிழ்நாட்டுக் கோயில்களைக் கட்டும் ஸ்தபதிகளின் மரபைப் பற்றியது. அதற்குத் தேசிய விருது கிடைத்தது. ஆவணப்படம் என்றால் நாலு பேர்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பார்கள். ஆனால் விருது வாங்கிய படத்துக்கு ஆண்டுதோறும் அச்சாகும் விருதுத் தொகுப்பில் ஓர் இடம் உண்டு. லட்சக்கணக்கான வீடுகள் பார்த்த தொடருக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. கைலாசத்தின் பெயர் எனக்கு முதலில் தனியாக, அப்பாவின் நிழல் படாமல் கிடைத்தது இந்த ஆவணப்படத்தின் வழியாகத்தான்.

ஸ்தபதிகளின் மரபை ஆவணமாக எடுத்தவர் அடுத்து ஒரு கோயில் ரகசியத்தைத் தொடராகத் தயாரிக்கிறார். இதைத் தற்செயல் என்று விட எனக்கு மனம் வரவில்லை. ‘ரகசியம்’ தொடரை இன்று பார்த்தாலும் கோயில் வெறும் பின்னணியாக இல்லாமல் கதையின் மையமாகவே இருக்கிறது. நம்பிக்கை ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம் என்று இழுக்கும் கதையில் இரண்டையும் கேலி செய்யாமல் கேமரா நிற்கிறது. அந்த நிதானம் ஆவணப்படக்காரரின் நிதானம்.

மூன்றாவது தடயம் ஒளிநாடா. துறைமுகத்தை ஒட்டிய ஊர் என்பதால் வட சென்னைக்கு ஒரு வசதி உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையம் எதிரே உருவான பர்மா பஜாரில், கப்பல் வழி வந்த வெளிநாட்டுச் சாமான்களோடு வி.சி.ஆரும் வெற்றுக் கேசட்டும் 1980களிலேயே குவிந்தன. தண்டையார்பேட்டையில் கப்பல் வேலை பார்த்தவர் வீட்டில் அப்படி வாங்கிய கேசட் ஒன்று இருந்தது. முதுகில் பால்பாயின்ட் பேனாவால் ‘கருப்பு’ என்று எழுதியிருந்தது. ஓரமெல்லாம் கடல்காற்றில் பூத்த வெள்ளைப் பூஞ்சை. அதைத் துடைத்து ஓட்டித்தர ஆள் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஓடியதும் தெரிந்தது, அந்தக் குடும்பம் விளம்பரத்தையும் நிறுத்தாமல் பதிந்திருக்கிறது. ஆராய்ச்சி செய்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? கடை விளம்பரங்களில் ஊர்ப் பெயர் ‘சென்னை’ என்றே வருகிறது, ‘மெட்ராஸ்’ எங்கும் இல்லை. ஊரின் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1996இல். ஆக நாடா அதற்குப் பிந்தியதாக இருக்கலாம், ‘விடாது கருப்பு’ வந்த காலத்தோடு அது பொருந்துகிறது. எந்தச் சரக்குக்காரர்கள் ஒரு பேய்க்கதையை நம்பிப் பணம் கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. கேபிள்காரர் சொன்ன கணக்கு கண்ணெதிரே ஓடியது.

இன்று ‘மர்மதேசம்’ பார்க்க விரும்புகிறவர் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பாலசந்தர் குடும்பத்தின் கவிதாலயா நிறுவனம் யூடியூபில் ஏற்றிவைத்திருக்கிறது. தொண்ணூறுகளின் எத்தனையோ தொடர்கள் காணாமல் போக இது மட்டும் எப்படித் தப்பியது? ஸ்லாட் வாங்கிப் போட்ட காலத்தில் நாடா தயாரிப்பாளர் கையிலேயே இருந்ததுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். யாருக்கு நஷ்டமோ அவருக்கே நாடாவும். ஆனால் யூடியூப் பிரதியில் விளம்பரங்கள் இல்லை. தொடர் முழுசாக இருக்கிறது, அதைத் தாங்கிய தொழில் வெட்டப்பட்டிருக்கிறது.

மேலே போக அதிகம் இல்லை. ‘மர்மதேச’த்தின் பிந்தைய கதைகள் ராஜ் டிவிக்குப் போயின. அதே நாகாவின் இயக்கத்தில் ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என்று நகைச்சுவைக்கும் மின்பிம்பங்கள் போனது. பாலசந்தரே ‘ரயில் சிநேகம்’ தொடங்கி ‘கையளவு மனசு’ வரை சின்னத்திரைக்கு எழுதி இயக்கியவர் என்பதால், மகன் தயாரித்தவையும் அவர் கணக்கில் சேர்ந்தன. ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்த பெரியவர் தவறாகச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1999இல் ‘சித்தி’ வந்தபின் தினசரித் தொடர்களின் காலம் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு நாள் வரும் மர்மத்துக்கு விளம்பரக்காரர்கள் ஏன் காத்திருக்கப் போகிறார்கள்? நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் 2010இல் ‘ஆனந்தபுரத்து வீடு’ படத்தில் மறுபடி சேர்ந்தார்கள். கைலாசம் 2013இல் தொடங்கிய ‘புதுயுகம்’ தொலைக்காட்சிக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். மெகா தொடருக்கு மாற்றாக ஏதாவது செய்துபார்க்கும் சேனலாக அது தொடங்கியது. அடுத்த ஆண்டே, 2014 ஆகஸ்ட் 15 அன்று, அவர் இறந்துபோனார். இரங்கல் செய்திகளிலும் அப்பாவின் பெயரே முன்னால் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று பாலசந்தரும் மறைந்தார். மாநிலமே துக்கம் அனுசரித்த அந்த வாரத்தில் வந்த கட்டுரைகளில் ‘மர்மதேசம்’ மறுபடி தந்தையின் சாதனைப் பட்டியலில் போய் உட்கார்ந்தது.

என் முடிவு இது. ‘விடாது கருப்பு’ கே.பி. எடுத்த நாடகம் அல்ல. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கைலாசம் துணிந்து தயாரித்தது. தமிழ்த் தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் என்றொரு படைப்பாளி இருந்ததற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஓட்டும் இயந்திரங்கள் நாளுக்கு நாள் குறைகின்றன, நாடாவில் பூஞ்சை பிடிப்பது மட்டும் குறையவில்லை. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் தொண்ணூறுகளின் கேசட் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். டிஜிட்டலுக்கு மாற்றும்போது கடைக்காரர் விளம்பரத்தையெல்லாம் வெட்டித் தருவதாகச் சொல்வார். வெட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.