தோல் வாரும் தொழிலறிவும்

அரும்பொருட்சாலைகளிலே அரசர் சூடிய முடிகளைக் காணலாம். அவர் ஏந்திய வாள்களையும் காணலாம். ஆனால், அக்காலத்து உழவன் ஒருவன் தன் ஆட்டுக்குட்டியையோ கழுதைக்குட்டியையோ நடத்திச் சென்ற தலைவாரைக் காண்பது மிக அரிது. முடி பொன்னாலானது, வாள் உலோகத்தாலானது, தலைவாரோ தோலாலானது. மண்ணுட் புதையுண்ட பொருள்களுள் விரைவில் அழிவனவற்றுள் தோலும் ஒன்று. ஆதலால், மனிதன் விலங்கைத் தன்வயப்படுத்திய நீண்ட வரலாற்றிலே, அவ்விருவரையும் இணைத்து நின்ற பொருளே பெரும்பாலும் மறைந்து போயிற்று. அங்ஙனம் மறைந்த பொருளைப் பற்றி அறிஞர் ஒருவர் எவ்வாறு தவறினார், அத்தவறு எவ்வாறு திருந்திற்று என்பது அறியத்தக்க வரலாறாகும்.

தலைவார் மிக எளிய பொருள். மூக்கின்மேல் ஒரு பட்டி, காதுகளுக்குப் பின்னால் ஒரு பட்டி, இவ்விரண்டையும் இணைக்கும் கன்னப் பட்டிகள் இரண்டு, தாடையின் கீழே கயிறு கட்டுவதற்கு ஒரு வளையம் ஆகியன அதன் உறுப்புகள். கழுத்திலே கட்டிய கயிற்றை விலங்கு இழுக்குந்தோறும் அக்கயிறு மூச்சுக் குழலை நெரிக்கும். தலைவாரிலோ அவ்விழுவிசை மூக்கெலும்பின் மீதும் பிடரியின் மீதும் பகிர்ந்து தங்குகின்றது. தலை திரும்பும் திசையில் உடலும் திரும்புமாதலால், சிறுவன் ஒருவனும் விலங்கை வருத்தாமல் நடத்திச் செல்லலாம்.

எனினும், எளிய இப்பொருளைச் செய்வதற்கு நுண்ணிய அறிவு வேண்டும். மூக்குப்பட்டி எலும்பை விட்டுக் கீழிறங்கி மெல்லிய பகுதியில் அமர்ந்தால் மூச்சுத் தடைப்படும். பட்டிக்கும் முகத்திற்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடம் விடவேண்டும். வளரும் குட்டிக்காயின், அவ்வப்போது தளர்த்துவதற்கு வாரிலே துளைகள் பல இடவேண்டும். வாரை முதுகுப்புறத் தோலில் நீளவாக்காக அறுத்தெடுப்பர். வயிற்றுப்புறத் தோல் இழுபட்டு நெகிழும். மெழுகு பூசிய ஓர் இழையின் இரு நுனியிலும் ஊசி கோத்து, குத்தூசியால் இட்ட ஒரே துளையின் வழியே இரு புறமிருந்தும் செலுத்தித் தைப்பர். அவ்வாறு தைத்த வாரில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் எளிதில் நெகிழாது. இவையெல்லாம் நெடுங்காலம் ஏட்டில் எழுதப்படாமல், கையிலிருந்து கைக்கு வந்த அறிவாகும்.

இவ்வறிவின் தொடக்கம் மிகப் பழையது. இன்றைய ஈரானின் மேற்கேயுள்ள சாக்ரோசு மலைப்பகுதியில், ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வெள்ளாட்டை வளர்த்தனர் என்பதற்குச் சான்றுண்டு. அவர்கள் அவற்றை எதனாற் கட்டினர் என்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. எனினும், பண்டைத் தோல் வேலையின் திறத்தைக் காட்டும் பொருளொன்று 2008ஆம் ஆண்டு ஆர்மேனியாவின் அரெனிக் குகையிலே கிடைத்தது. அஃது ஒற்றைப் பசுத்தோலாற் செய்யப்பட்டு, தோல் வாராற் கட்டப்பட்ட ஒரு பாதரட்சை. ஏறத்தாழ 5,500 ஆண்டுப் பழைமையுடையது. அதனைக் காத்தவை குகையின் வறட்சியும், அதன்மேற் படிந்திருந்த ஆட்டுப் புழுக்கையுமே.

வார் அழிய, அதனோடு சேர்ந்த உலோகம் மாத்திரம் எஞ்சிய இடங்கள் பல. ஈராக்கிலுள்ள ஊர் என்னும் தொல்நகரத்தில் 1922 முதல் 1934 வரை லெனார்ட் வூலி அகழ்வு நடத்தினார். அங்கே புவாபி அரசியின் கல்லறையிலே, கடிவாள வார் ஓடும் வெள்ளி வளையமொன்று கிடைத்தது. பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தாலான கழுதை போன்ற சிற்றுருவம் அதன்மேல் நிற்கின்றது. வார் ஓடிய துளைகள் உள்ளன, வார் இல்லை. அந்நகரத்திற் கிடைத்த ஓவியப் பலகையொன்றில், தேரிழுக்கும் விலங்குகளின் மூக்கில் வளையமிட்டு, அதிலே கயிறு பூட்டியிருப்பதைக் காணலாம். நம் உழவர் எருதுக்கு இடும் நாணயக் கயிற்றைப் போன்றதே அம்முறையும். அது வலியினால் அடக்குவது. குதிரையினத்தை நடத்துவதற்குத் தலைவாரும் கடிவாளமும் பின்னர் அதன் இடத்தைப் பெற்றன.

எகிப்திலே நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1922இல் ஹோவார்ட் காட்டர் கண்ட துட்டங்காமன் கல்லறையிலே தேர்கள் இருந்தன. அவற்றின் பொற்றகடுகள் ஒளி குன்றாதிருந்தன. ஆனால், தேர்களுக்குரிய தோல் வார்கள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் உருகிக் கரிய பசையாக மாறியிருந்தன. மரப்பட்டைத் துவர் நன்கு ஊட்டிப் பதனிடாத தோலுக்கு இத்தகைய அழிவு எளிதில் நேரும். தென்னிந்தியத் தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையின் துவரை ஊட்டித் தோலைப் பதப்படுத்திய முறை, இவ்வழிவைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

இவ்வாறு வார்கள் மறைந்தமையால், ஆராய்ச்சியாளர் சிற்பங்களையும் ஓவியங்களையும் கொண்டே அவற்றை ஊகிக்க நேர்ந்தது. பிரெஞ்சுக் குதிரைப் படையில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற லெபேவ்ர் தே நொயெத் என்பார் 1931இல் இப்பொருள் பற்றி விரிந்த நூலொன்றை வெளியிட்டார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் குதிரையின் கழுத்தைச் சுற்றியே வாரிட்டனர்; அது மூச்சை நெரித்தமையால் குதிரை பாரம் இழுக்க இயலாதிருந்தது; அக்குறையை நிறைவு செய்யவே அடிமைகளின் உழைப்பு வேண்டியதாயிற்று; தோளில் அமரும் கழுத்தணை ஐரோப்பாவிற் பரவிய பின்னரே அடிமை முறை ஒழிய வழி பிறந்தது என்பன அவர் கொள்கைகள். தோல் வார் ஒன்றின் குறையே மனிதனை மனிதன் அடிமையாக்கியதற்குக் காரணம் என்ற இக்கருத்தைப் பலர் பல்லாண்டுகள் ஏற்றனர்.

ழான் ஸ்ப்ரூயித் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் இதனை வேறு வழியாற் சோதித்தார். பழைய ஓவியங்களும் சிற்பங்களும் காட்டிய வடிவத்தில் நுகங்களையும் வார்களையும் செய்வித்து, உயிருள்ள குதிரைகளுக்குப் பூட்டி, வண்டியை இழுக்கச் செய்தார். குதிரைகள் மூச்சுத் திணறவில்லை. அவர் 1977இல் வெளியிட்ட நூல் உண்மையை விளக்கிற்று. பண்டையோர் இரு வேறு முறைகளைக் கையாண்டனர். ஒன்றிலே நுகம் பிடரியின் மேல் அமர்ந்தது. அங்கே வாரின் வேலை நுகத்தை நிலைநிறுத்துவதே. மற்றதிலே மார்பின் குறுக்கே சென்ற பட்டி பாரத்தைத் தாங்கியது. முன்னவர் இவ்விரண்டின் உறுப்புகளையும் ஒன்றாகக் கலந்து, எக்காலத்தும் இல்லாத ஒரு பூட்டை உருவாக்கி, அதன்மேற் பழி சுமத்திவிட்டார்.

அடிமை முறை பற்றிய முடிவும் இதனால் நிலைகுலைந்தது. கழுத்தணை நன்கு பரவியிருந்த பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களிலே அடிமை முறை பெருகியது. மனிதரை அடிமையாக்கியவர் மனிதரே. அதன் பொறுப்பை ஒரு வாரின் மேல் ஏற்றித் தப்புதல் இயலாது.

வார் மறைந்ததற்குத் தோலின் இயல்பு ஒரு காரணம். அதைச் செய்தவன் கவனிக்கப்படாமை மற்றொரு காரணம். புறநானூற்றின் 82ஆம் பாட்டு, அரசன் ஒருவனுடைய போரின் விரைவுக்கு ஓர் அரிய உவமை கூறுகின்றது. ஊரிலே விழா நெருங்கியிருக்க, மனைவி மகப்பேற்றிலே இருக்க, மழை பெய்யும் மாலை வேளையிலே, வாரைக் கொண்டு கட்டில் பின்னுபவனுடைய கையூசி விரையும் விரைவே அவ்வுவமை. அவன் கைத்திறனை வியந்த அதே பாட்டு, அவனை இழிந்தவன் என்று பொருள்படும் சொல்லாற் சுட்டுகின்றது. வேந்தன் பெயர் பாட்டின் குறிப்பிலே நிலைத்தது. வினைஞன் பெயரோ எங்கும் இல்லை. தோலைத் தொட்டு வாழ்ந்த மக்களைத் தாழ்வாக எண்ணிய வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலம் நிலவிற்று. அவர்தம் அறிவைக் கேட்டறிந்து ஏட்டில் எழுதியவர் மிகச் சிலரே.

மூக்குப்பட்டி எவ்விடத்தில் அமர வேண்டும், எத்தனை விரல் இடம் விடவேண்டும் என்பதை அறிந்த தொழிலாளி ஒருவனை அழைத்துக் கேட்டிருந்தால், கழுத்தை நெரிக்கும் வாரோடு குதிரை தேரிழுக்காது என்பதை அவன் அப்பொழுதே சொல்லியிருப்பான். பேரறிஞர் பலர் அரை நூற்றாண்டு தாழ்த்து உணர்ந்த உண்மை, அவன் கைக்குப் பழகிய செய்தியே.