மாத்தளை உழவனின் இராக்காவல்

ஒரு நாட்டின் வரலாறு அரசர்தம் வெற்றி தோல்விகளால் மட்டும் ஆயதன்று. மண்ணைக் கொத்திப் பயிர் விளைத்த மக்களின் அன்றாட உழைப்பும் அதன் பகுதியேயாம். மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவிற் பூங்காவும் தடாகமும் அமைத்த காசியப்பனை (477–495) நூல்கள் பேசுகின்றன. அக்குன்றைச் சூழ்ந்த நிலத்திற் பயிரிட்டவன் பெயரை எந்நூலும் கூறவில்லை. அவன் வழிவந்த உழவனின் நாட்பொழுது எவ்வாறு மாறிவந்தது என்பதை நோக்குதல் தகும்.

மாத்தளையின் தென்பகுதி மலைப்பாங்கானது. வடக்கே தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகள் வறண்ட வலயத்தைச் சார்ந்தவை. அங்குப் பழைய மரக்கறித் தோட்டம் சேனையேயாகும். கோடையிற் காட்டை வெட்டி எரித்து, பெரும்போக மழை தொடங்கியதும் குரக்கனும் சோளமும் விதைப்பர். இடையிடையே பூசணி, கத்தரி, மிளகாய் முதலியவற்றை நடுவர். மழையே நீராதலின் இறைக்கும் வேலையில்லை, ஆயினும் ஓய்வுமில்லை. பகலிற் களை பிடுங்கல், இரவிற் காவல். யானையும் பன்றியும் ஓரிரவில் ஒரு போகத்தையே அழித்துவிடுமாதலின், உழவன் பரண் கட்டி, அருகே தீ மூட்டி, பாட்டிசைத்து விழித்திருந்தான். சில போகங்கள் கழிந்ததும் நிலத்தைக் காட்டிற்கே விட்டு வேறிடம் பெயர்ந்தான்.

அவ்வாறு விடப்பட்ட நிலம் எவருடையது? ஆங்கில அரசு 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இவ்வினாவிற்கு விடை கூறியது. உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் சேனையும் முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. உறுதியில்லாத உழவன், தன் முன்னோர் பயிரிட்ட நிலத்திலேயே அத்துமீறியவன் ஆயினான். மலைச்சாரல்களிற் கோப்பித் தோட்டங்கள் பரந்தன. 1848 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தம்புள்ளை விகாரையிற் கொங்காலகொட பண்டா அரசனாக முடிசூடினான். மாத்தளை நகர் தாக்கப்பட்டது. புதிய வரிகளே கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமெனினும், நிலம் பற்றிய மனக்கசப்பும் அதனோடு கலந்திருந்தது எனல் பொருந்தும்.

யாழ்ப்பாணத்து உழவனுக்குக் கிணறு பழைய துணை. சுண்ணக்கல்லில் ஊறும் நீரைத் துலா மிதித்து இறைத்தே அவன் புகையிலையும் வெங்காயமும் வளர்த்தான். மாத்தளையின் வறண்ட பகுதியிலோ, அகன்ற விவசாயக் கிணறுகள் 1980களின் பிற்பகுதியிலிருந்தே பெருகின. சிறுபோகத்திலும் மரக்கறி பயிரிடல் இயன்றது, நாள்வேலையும் மாறியது. விடியுமுன் இயந்திரத்தை இயக்கி, மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிப் பாத்திதோறும் நீர் பாய்ச்சுதல். வெயிலேறுமுன் களை பிடுங்கி, இலையின் அடிப்புறத்தே புழு பார்த்தல். பயற்றைக்கும் பாகலுக்கும் கொடியேறக் கம்பு நாட்டல். பின்னர்க் காய் பறித்துச் சாக்கிற் கட்டுதல். வெண்டியை இரண்டொரு நாள் பறியாது விட்டால் முற்றிப்போம். கிணற்று நீரும் அளவிறந்ததன்று. கடும்பாறைக்கு மேலுள்ள மென்படையிலேயே நீர் தங்குதலால், அயலவன் மிகுதியாக இறைப்பின் இவன் கிணறு வற்றும்.

1999 ஆம் ஆண்டு தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் நிறுவப்பட்டது. பல மாவட்டங்களின் மரக்கறி அங்கு வந்து, பார ஊர்திகளில் நாடெங்கும் செல்கின்றது. வாங்குவோர் தேடிவரும் சந்தை கிடைத்தமை பெருநன்மையே. எனினும் விலையைக் கூறுபவன் உழவனல்லன். பம்பாய் வெங்காய அறுவடைக் காலத்தில் இறக்குமதி வெங்காயமும் வந்து சேரின் விலை வீழ்கின்றது. வெங்காயத்தைச் சிறிது காலம் காத்து வைக்கலாம். கத்தரியையும் வெண்டியையும் வைத்தல் இயலாது. 2021 ஆம் ஆண்டு செயற்கை உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட போகத்தின் இழப்பைச் சுமந்தவனும் உழவனே.

முன்னோன் பரண்மீது விழித்திருந்தான். இன்றைய உழவன் சந்தை வாயிலில், சாக்கு மூட்டைகளின் அருகே விழித்திருக்கின்றான். யானையைத் தீயால் விரட்டலாம். விலை வீழ்ச்சியை விரட்டுதற்குத் தனியொருவனிடம் கருவியில்லை. நிலவுரிமையும், நீரை அளவறிந்து பங்கிடும் முறையும், விளைபொருளைக் காக்கும் களஞ்சியமும் ஒருங்கே அமையுங்காலத்தே அவனது இராக்காவல் முடிவுறும்.