பேட்டண்ட் ஓலை வந்தால்...

சில வருடங்களுக்கு முன் எங்கள் சின்ன கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தயாரிப்பில் உள்ள ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அவர்களுடைய பேட்டண்டை மீறுகிறதாம். கேட்ட தொகை எங்களில் ஆறு பேரின் வருடச் சம்பளம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, இலவசம்னு சொல்லித்தானே இதைப் போட்டே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி தேடிப் படிக்க ஆரம்பித்த கதை இது.

1984-ல் டெர்ரி வெல்ச் என்பவர் தகவலைச் சுருக்கி வைக்கும் ஒரு முறையைப் பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார். எல்.இசட்.டபிள்யூ. என்று அதற்குப் பெயர். படித்தவர்கள் ஆளாளுக்கு அதை வைத்துப் புரோகிராம் எழுதினார்கள். 1983-லேயே அதற்குப் பேட்டண்ட் கேட்டு மனுப் போட்டிருந்தது பலருக்குத் தெரியாது. 1985-ல் பேட்டண்ட் கிடைத்தது. அடுத்த வருடம் நிறுவனங்கள் இணைந்ததில் அது யூனிசிஸ் கைக்கு வந்தது. 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் படங்களுக்கு இதே முறையைப் பயன்படுத்தியது. உலகமே ஜிஃப்புக்குப் பழகிவிட்ட பிறகு, 1994 டிசம்பர் கடைசியில், ஜிஃப் கையாளும் சாஃப்ட்வேர் செய்பவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று அறிவிப்பு! பந்தியில் சாப்பிட்டு எழுந்தவனிடம் இலைக்குக் காசு கேட்ட மாதிரி.

சிலர் பணம் கட்டினார்கள். சிலர் திட்டித் தீர்த்தார்கள். வேறு சிலர் மட்டும் உட்கார்ந்து மாற்று வழி தேடினார்கள். 1995 ஜனவரியிலேயே புதிய பட முறைக்கு முதல் வரைவு வந்துவிட்டது. எல்.இசட்.டபிள்யூ. தொல்லையை முன்பே உணர்ந்து 1992-ல் எழுதப்பட்ட ஜிசிப் புரோகிராமின் சுருக்கும் முறையை இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் பி.என்.ஜி. ஜிஃப் படம் ஒன்றில் 256 நிறங்கள்தான். இதில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல். 2003 ஜூனில் அந்த அமெரிக்க பேட்டண்ட் காலாவதி ஆனது. பி.என்.ஜி. இன்றும் நம்ம போனில் இருக்கிறது.

அடுத்த கதை 2007-ல். லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற சாஃப்ட்வேர்கள் தங்களுடைய 235 பேட்டண்டுகளை மீறுவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. எந்த 235? பட்டியலை வெளியிடவில்லை. பட்டியல் இருந்தால்தானே மாற்றி எழுத முடியும்? ஆனால் அதற்கு முன்பே, 2005-ல், ஐ.பி.எம்., ரெட் ஹாட், சோனி, பிலிப்ஸ், நோவெல் ஆகியவை சேர்ந்து ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தன. லினக்ஸ் சம்பந்தமாக ஒருவர் மேல் ஒருவர் பேட்டண்ட் வழக்குப் போடுவதில்லை என்பதுதான் அங்கே ஒப்பந்தம். சின்ன கம்பெனியும் கட்டணமில்லாமல் சேரலாம். 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டே அதில் சேர்ந்தது!

நம் நாட்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பேட்டண்ட் இல்லை என்கிறது. அதை நம்பித் தூங்கிவிடக் கூடாது. சரக்கை அமெரிக்காவில் விற்றால் அந்த ஊர்ச் சட்டம்தான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்களாகப் பதில் எழுதவில்லை. வக்கீல் மூலம், எந்த பேட்டண்ட், அதில் எந்த உரிமைக்கூற்று, எங்கள் தயாரிப்பில் எந்தப் பகுதி என்று கேட்டோம். விவரம் வந்தது. அவர்கள் சொன்ன பகுதி எங்களுக்கு அவசியமே இல்லை. அதை எடுத்துவிட்டு வேறு விதமாக எழுதினோம். வக்கீல் பதில் அனுப்பினார். அதன் பிறகு கடிதம் வரவில்லை. எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன், வக்கீலுக்கும் செலவானது. ஆனால் பயந்துபோய் முதல் நாளே பணம் கட்டியிருந்தால் அந்த ஆறு பேரில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

படிக்கும் தம்பி, தங்கைகளே! நாளைக்கு உங்கள் மேஜைக்கும் இப்படி ஓலை வரலாம். பயப்படாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். விவரம் கேளுங்கள், மாற்று வழி தேடுங்கள், தனியாக நிற்காதீர்கள். நம்ம சங்கத்தில் வக்கீல்களுக்கும் பஞ்சமில்லை!