வேகமான ஸ்டார் ட்ரெக் நாவல்கள்: எதை எடுப்பது, எதை விடுவது

ஸ்டார் ட்ரெக் தொடரைப் பார்த்து முடித்தவர்கள், அதே உலகத்தில் நடக்கும் விறுவிறுப்பான நாவல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம் உடனே ஒரு தலைப்பைச் சொல்லிவிடுவேன். இப்போது, எந்தக் காலத்தில் வந்த நூல் என்பதை முதலில் பாருங்கள் என்கிறேன். நூற்றுக்கணக்கில் வெளிவந்துள்ள இந்த நாவல்களில் சண்டைக்குக் குறைவில்லை. அந்தச் சண்டையில் இழப்பு உண்மையானதா என்பதே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

தொடர் 1966 இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பிளிஷ் அதன் கதைகளைச் சிறுகதை வடிவில் எழுதினார். அந்த வரிசையில் 12 தொகுதிகள் வந்தன. ஒரே இருப்பில் ஒரு கதையை வாசித்துவிடலாம். ஆனால் அவை தொலைக்காட்சியில் ஏற்கனவே பார்த்த கதைகள்.

1979 முதல் பொக்கெட் புக்ஸ் நிறுவனம் இந்த நாவல்களை வெளியிடத் தொடங்கியது. புதிய கதைகள் நிறைய வந்தன. ஆனாலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. திரையில் தொடர்ந்து வரவேண்டிய கப்டனை நாவலாசிரியர் கொல்ல முடியாது. எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் கடைசிப் பக்கத்தில் எல்லாம் பழையபடி இருக்கவேண்டும்.

குண்டுச் சத்தத்தை எழுத்தாளர் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் நாங்கள் இல்லை. ஒரு பந்தியில் ஒரு நகரம் அழிந்து, அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடும் கதையை நான் பாதியில் மூடிவைத்திருக்கிறேன். வேகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இறந்தவர்களைக் கதை மறந்துவிடக்கூடாது. இந்த அளவுகோலில் தேறிய சிலவற்றைச் சொல்கிறேன்.

பீற்றர் டேவிட் 1991 இல் எழுதிய 'வென்டெட்டா' அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எழுதப்பட்டதுதான். தலைப்பின் பொருள் பழிவாங்கல். போர்க் என்னும் இயந்திர இனம் தன் மக்களை அழித்துவிட, கோள்களையே விழுங்கும் ஓர் ஆயுதத்துடன் அவர்களைத் துரத்துகிறாள் ஒரு பெண். அவளுடைய கோபம் நியாயமானது. அவள் போகும் வழியில் வேறு மக்களின் கோள்களுக்கு என்ன நடக்கும் என்பதுதான் கதையின் கேள்வி.

1997 இல் அதே ஆசிரியர் 'நியூ ஃப்ரொன்டியர்' வரிசையைத் தொடங்கினார். இதன் கப்டன் மக்கென்சி கல்ஹூன் திரைத்தொடரில் வராதவர். இளவயதில் தன் கோளை ஆக்கிரமித்தவர்களுக்கு எதிராகக் கிளர்ச்சியை நடத்தியவர். முக்கிய பாத்திரங்கள் பலர் நாவலுக்கென்றே உருவாக்கப்பட்டவர்கள் என்பதால், யாருக்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் நான்கு நூல்களும் மெல்லியவை, சேர்ந்து ஒரே கதை. உரையாடல் அதிகம், ஆங்கிலம் எளிது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கொடுப்பது இதைத்தான்.

'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் 1999 இல் முடிந்தபின் நிலைமை மாறியது. அதன் கதையை நாவல்களே முன்னெடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. எஸ்.டி. பெரி எழுதி 2001 இல் வந்த 'அவதார்' என்ற இரு நூல்களும் அந்தத் தொடர்ச்சியின் வாசல்.

அந்த விடுதலையின் உச்சம் டேவிட் மாக் 2008 இல் எழுதிய 'டெஸ்டினி'. மூன்று நூல்கள், ஒரே கதை. முதலாவதை மட்டும் வாங்கினால் நடுவழியில் நிற்பீர்கள். போர்க் படையெடுப்பில் 6,300 கோடிப் பேர் அழிகிறார்கள். இம்முறை எதுவும் பழையபடி ஆவதில்லை. நான் வாசித்த ஸ்டார் ட்ரெக் நாவல்களில் இதைவிட வேகமானது இல்லை.

அதை முடித்தவர்கள் வில்லியம் லெய்ஸ்னர் 2009 இல் எழுதிய 'லூசிங் த பீஸ்' நூலையும் சேர்த்து வாசிக்கவேண்டும். சமாதானத்தை இழத்தல் என்பது தலைப்பின் பொருள். சண்டை இதில் குறைவு. வீடு, ஊர், கோள் எல்லாம் இழந்தவர்கள் பசிஃபிக்கா என்ற கோளில் இடம்பெயர்ந்தோராகக் குவிந்திருக்கிறார்கள். அவர்களுடைய நிலையைப் பார்க்க மருத்துவர் குழு ஒன்று போகிறது. போர் முடிந்தது என்று அறிவிப்பவர்களுக்கும் முகாமில் இருப்பவர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு விண்வெளி நாவலில் வாசிப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. 2008 இல் வந்த 'டெரொக் நோர்' என்ற மூன்று நூல்கள், பஜோர் மக்கள் கார்டேசியர்களின் ஆக்கிரமிப்பில் வாழ்ந்த காலத்தைச் சொல்பவை. கட்டாய உழைப்பு முகாம், காட்டிக்கொடுப்பு, எதிர்ப்புப் போராட்டம் எல்லாம் உண்டு. விறுவிறுப்பு இருந்தாலும் எங்கள் வாசகர் எல்லோருக்கும் இது பொழுதுபோக்காக இராது. அக்கோளின் எதிர்ப்புறம் நின்ற ஒருவரின் கதையான 'எ ஸ்டிச் இன் டைம்' 2000 இல் வந்தது. காரக் பாத்திரத்தில் நடித்த அன்ட்ரூ ரொபின்சனே எழுதியது. சிறந்த நூல், ஆனால் மெதுவானது. சண்டைக்காக எடுத்தால் ஏமாற்றமே.

இந்த நாவல் உலகம் 2021 இல் 'கோடா' என்ற மூன்று நூல்களுடன் முடித்துவைக்கப்பட்டது. முந்திய ஆண்டில் தொடங்கிய 'பிக்கார்ட்' தொலைக்காட்சித் தொடர் கதையை வேறு வழியில் கொண்டுபோனதே காரணம். ஆகவே 'கோடா'வைக் கடைசிக்கு வையுங்கள்.

பழைய புத்தகக் கடையில் ஸ்டார் ட்ரெக் நாவல் ஒன்று கையில் கிடைத்தால், அட்டைப்படத்தில் வெடிக்கும் கப்பலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே பதிப்பாண்டையும் வரிசையின் பெயரையும் பாருங்கள். இரவில் மனம் ஆற வாசிக்க ஒன்று வேண்டுமென்றால் 'நியூ ஃப்ரொன்டியர்' போதும். 'டெஸ்டினி'யையும் அதற்குப் பின் வருபவற்றையும் மனம் இடங்கொடுக்கும் நாளுக்கு வைத்திருங்கள்.