இடைவெளியைக் கண்டவர்கள்

செண்பகத்தோப்பிற்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள அக்காட்டின் சிறப்பு மர உச்சிகளில் வாழும் சாம்பல் நிற மலையணில்கள். அவற்றைக் காப்பதற்காகவே 1988-இல் அப்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. கீழிருந்து நோக்கினால் கிளைகளெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் காடு முழுவதும் ஒரே மரம்போலத் தோன்றும். ஓர் அணில் தாவும்போதுதான் ஒரு மரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும்.

மனித மூளையைப் பற்றியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகையதோர் ஐயம் இருந்தது. நரம்புகள் ஒரே வலையா, தனித்தனி மரங்களா?

இந்த வினாவுக்குத் தமிழோடு ஓர் உறவு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872-இல் தமிழில் வெளிவந்தது. அன்றைய ஐரோப்பிய மாணவன் கற்ற உடற்கூற்றைத் தமிழ் மாணவன் தன் மொழியில் கற்றான் என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்த்ததில்லை.

ஆயினும் அந்நாளில் ஐரோப்பிய அறிஞர்களுக்கே நரம்பணுவின் முழு உருவம் தெரியாது. ஜெர்மானியரான டைட்டர்ஸ், மெல்லிய ஊசிகளால் நரம்பணுக்களைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தார். கிளைத்துப் பரவும் பல இழைகளும், அவற்றினின்று வேறுபட்ட ஒரு நீண்ட இழையும் ஒவ்வோர் அணுவுக்கும் உண்டு என்று கண்டார். அவர் இளம் வயதில் மறைந்தபின், 1865-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. ஆனால் இழைகள் எங்கே போய் முடிகின்றன என்பதை எவராலும் காண இயலவில்லை. சாயமிட்டால் எல்லா அணுக்களும் நிறமேறி அடர்காடாகிவிடும்.

1873-இல் இத்தாலியின் அபியாதெக்ராசோ என்னும் சிற்றூரில், தீரா நோயாளர் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த காமில்லோ கோல்கி ஒரு வழி கண்டார். பொட்டாசியம் டைக்குரோமேட்டில் இறுகவைத்த மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தார். நூற்றில் ஒருசில அணுக்கள் மட்டும், மஞ்சள் பின்னணியில் வேர் முதல் நுனி வரை கன்னங்கரேலென்று எழுந்து நின்றன. மற்றவை கண்ணிலிருந்து மறைந்தன. எல்லாவற்றையும் காட்டாமல் விட்டதே அம்முறையின் பெருமை.

அதே 1873-இல்தான் கிறீன் யாழ்ப்பாணத்தைவிட்டுத் தாயகம் திரும்பினார். அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. நரம்பணு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய வேளையில் தமிழ் அந்த வகுப்பறையை விட்டு வெளியேறியது.

கோல்கி தாம் கண்ட கருவடிவங்களின் இழைகள் இறுதியில் ஒன்றுகலந்து ஒரே வலையாகின்றன என்று நம்பினார். ஸ்பெயின் நாட்டவரான ரமோன் இ கஹால் 1887-இல் இம்முறையை அறிந்து, அதைச் செம்மையாக்கினார். முதிர்ந்த மூளையை விடுத்துப் பறவைக் கருக்களையும் இளம் உயிர்களையும் ஆய்ந்தார். அடர்ந்த காட்டில் வழிதேடுவதைவிட நாற்றங்காலில் இளமரங்களை ஆராய்வது எளிது என்று தம் தன்வரலாற்றில் அவரே விளக்குகிறார். 1888-இல் தாமே தொடங்கிய இதழில் முடிவை வெளியிட்டார்: நரம்பிழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஆனால் கலப்பதில்லை.

1891-இல் வால்டேயர் அந்தத் தனி அணுவுக்கு 'நியூரான்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அச்சொல் தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. தமிழ் பயின்றவருக்கு இது வியப்பளிக்கும். நம் சங்கப் புலவர்கள் 'நரம்பு' என்றது பெரும்பாலும் யாழின் தந்தியைத்தான். இழுத்துக் கட்டிய நாண் என்ற ஒரே காட்சியிலிருந்தே இரு மொழிகளும் உடலுக்குள் சென்றிருக்கின்றன. 1897-இல் ஷெரிங்டன் அணுக்கள் சந்திக்கும் இடத்திற்கு 'சினாப்ஸ்' என்று பெயர் தந்தார்.

1906-இல் நோபல் பரிசு கோல்கிக்கும் கஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அந்த மேடையிலேயே கோல்கி நியூரான் கொள்கையை மறுத்துப் பேசினார். கருவி ஒன்று, காட்சி ஒன்று, கண்டவை இரண்டு. 1950களில் மின்னணு நுண்ணோக்கி கஹாலின் பக்கம் தீர்ப்பளித்தது. இடைவெளி உண்மையே: ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு கூறு. எனினும் சில இடங்களில் அணுக்கள் நுண்துளைகளால் நேரடியாக இணைந்திருப்பதும் பின்னர் தெரியவந்தது. தோற்றவரிடமும் ஒரு துளி உண்மை மிஞ்சியது.

2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 குறுக்குவெட்டுகளைப் படமாக்கி 'தரணி' என்னும் பெயரில் உலகுக்கு வழங்கியது. கஹால் கருக்களை நாடிச் சென்ற பாதையின் தொடர்ச்சி அது. பணி நம் மண்ணில் நடக்கிறது. ஆனால் அதை விளக்கும் மொழி தமிழாக இல்லை. என் வகுப்பில் யாழ் நரம்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அச்சொல் 1872-இல் எட்டியிருந்த இடம் நினைவுக்கு வருகிறது.

நூற்றைம்பது ஆண்டு இடைவெளி பெரிதுதான். ஆனால் இடைவெளி என்பது முறிவன்று என்பதே கஹால் கண்டது. செய்தி அங்கேதான் தாண்டுகிறது, செண்பகத்தோப்பின் அணிலைப் போல. தாவ வேண்டியவர்கள் நாம்.