நாற்காலி வைத்தியம்

மாரடைப்பு வந்து பிழைத்தவரை, எண்பது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் பாதி மனிதராகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். ஆறு வாரம் படுக்கை. அதுவும் எப்படிப்பட்ட படுக்கை! புரண்டு படுக்கக் கூடாது. தம் கையால் சாப்பிடக் கூடாது. நர்ஸ்தான் ஊட்ட வேண்டும். அதையும் கடந்து வீடு வந்து சேர்ந்தாலோ, அவருக்கு மாடிப்படியைக் கண்டால் பயம். அவர் இருமினால் மனைவிக்குப் பயம். மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள முதலாளிக்குப் பயம். ஆலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டால் நஷ்ட ஈடு யார் தலையில் விடியும்?

இந்தப் பயத்துக்குச் சாஸ்திரம் இல்லாமலில்லை. 1939-ல் பாஸ்டன் டாக்டர் பால் டட்லி ஒயிட்டும் அவருடைய சகாக்கள் இருவரும், இறந்துபோன 72 பேரின் இதயங்களைச் சோதித்து, சிறு காயம் ஆற ஐந்து வாரம், பெரிதானால் இரண்டு மாதம் என்று எழுதினார்கள். கண்டதில் பிழையில்லை. ஆனால் காயம் ஆறுவதற்குள் அசைந்தால் இதயம் கிழிந்துவிடும் என்று ஒரு தாவல் தாவினார்களே வைத்தியர்கள், அதற்கு யார் ருசு காட்டினார்கள்? அசையாமல் கிடந்தவர்களின் காலில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்து, பலர் மாண்டார்கள். பழி என்னவோ இதயத்தின் மேல்தான் விழுந்தது.

அதே பாஸ்டனில் சாமுவேல் லெவின் என்ற பெரிய டாக்டரும், பெர்னார்ட் லவுன் என்ற இளைஞரும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். நோயாளியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான்! ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்கள் இதைக் கொலை பாதகமாகவே நினைத்து எதிர்த்தார்களாம். 81 பேரை இப்படி உட்கார வைத்துப் பார்த்த விவரத்தை 1952-ல் இருவரும் வெளியிட்டார்கள். அவர்கள் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை.

ஆனாலும் ஜனங்கள் மருத்துவப் பத்திரிகையா படிக்கிறார்கள்? அவர்களுக்கு ஒரு பெரிய மனிதர் விழுந்து எழ வேண்டியிருந்தது. ஜனாதிபதி ஐஸன்ஹோவர் டென்வரில் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். பகலெல்லாம் கோல்ப் ஆடிவிட்டுப் படுத்தவருக்கு, 1955 செப்டம்பர் 24 விடிவதற்குள் மார்வலி. வயது 64. திங்கட்கிழமை நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் ஒரே நாளில் சுமார் 1400 கோடி டாலர் மதிப்புக் கரைந்தது. ஒரு மனிதரின் இதயத்துக்கு ஒரு தேசமே பயப்படுவது என்றால் இதுதான்.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? 72 இதயங்களைச் சோதித்த அதே ஒயிட். அவர் நோயை மூடி மறைக்கவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு விஸ்தாரமாகப் பாடமே நடத்தினார். நவம்பர் 11-ல் ஐஸன்ஹோவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார். மறு பிப்ரவரியில், இன்னும் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை அவர் சுறுசுறுப்பாக வேலை செய்யலாம் என்று ஒயிட் அறிவித்தார். அந்த நவம்பரில் ஐஸன்ஹோவர் மறுபடி தேர்தலில் ஜெயித்தார். 1961 ஜனவரி வரை பதவியில் இருந்தார். 1969 வரை வாழ்ந்தார்.

ஜனாதிபதிக்கு நாற்காலி காத்திருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு யார் காத்திருப்பார்கள்? இதய நோயாளி எந்த வேலைக்குத் தகுதி என்று அளந்து சொல்லும் கிளினிக்குகள் நியூயார்க்கிலும் கிளீவ்லாந்திலும் தோன்றியது அவர்களுக்காகத்தான். என் கண்ணுக்கு அதுதான் பெரிய சேவை.

கதை படிக்கிறவர்களுக்குப் பிடிக்கக்கூடிய சங்கதி ஒன்று பாக்கி இருக்கிறது. நியூஜிலாந்தில் சில ஆராய்ச்சியாளர்கள், மாரடைப்பு கண்ட 74 பேரிடம் காகிதத்தைக் கொடுத்து, "உங்கள் இதயத்தை வரையுங்கள்" என்றார்கள். 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலர் முழு இதயத்தை வரைந்தார்கள். சிலர் அதில் பெரிய பகுதியைக் கெட்டுப்போனதாகக் கறுப்படித்தார்கள். கறுப்பு அதிகமாக அதிகமாக, அந்த மனிதர் வேலைக்குத் திரும்பவும் அதிக நாள் பிடித்தது. உள்ளே உண்மையில் எவ்வளவு சேதம் என்று காட்டும் இரத்தப் பரிசோதனையைவிட அந்தக் கைச்சித்திரமே சரியாக ஜோசியம் சொல்லியிருந்தது.