மந்திரம் இல்லாத மாயம்

மேற்கு மாம்பலத்துக்குப் பக்கத்து வடபழனி. அங்கே விஜயா-வாஹினியில் ஆறு வருஷத்துக்குள் உருவான படங்கள்: 'பாதாள பைரவி' (1951), 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957). மூன்றுக்கும் ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லே. மந்திரவாதி, ஜமீன்தார், கடோத்கஜன் மூவருமே எஸ்.வி. ரங்காராவ்தான்!

'மாயா பஜார்'ல கடோத்கஜன் வத்சலாவாக உருமாறுகிறான். சாவித்திரியின் நடையில் ரங்காராவின் மிடுக்கு வந்து உட்கார்ந்துவிடும். பிரமாதம். ஆனாலும் என் ஓட்டு 'மிஸ்ஸியம்மா'வுக்கே. அதிலும் வேஷம்தான், மந்திரம்தான் கிடையாது. வாத்தியார் வேலைக்காக ஓர் இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் புருஷன் பெண்டாட்டியாக நடிக்கிறார்கள். மாயக்கதையில் உருமாறுவது விளையாட்டு. இங்கே அது வயித்துப்பாடு. வேலை தேடி அலைந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் பழசாகவில்லை.